ஏழாம் நாக்கு

தக்காளியை ஆராய்கிறேன் என்று சொன்னால் ஒருத்தரும் மதிப்பதில்லை. என் அம்மாவே மதிப்பதில்லை. "தக்காளியில படிக்கிறதுக்கு என்னடி இருக்கு? நறுக்கினா விதைதானே இருக்கு" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்குவேன். சோள மாவிலிருந்து ஒரு பூச்சு செய்திருக்கிறேன் அம்மா, கண்ணுக்கே தெரியாது, வயிற்றுக்கும் ஒன்றும் செய்யாது, அதைப் பூசினால் இரண்டு வாரம் ஆனாலும் தக்காளியின் தோல் சுருங்காது. "சரி, ருசி?" என்பாள். அங்கேதான் வசமாக மாட்டிக்கொள்வேன். ருசியை இன்னும் நிரூபித்தபாடில்லை.

ருசியை நிரூபிக்க நாக்குகள் வேண்டும். எங்கள் உணவு அறிவியல் துறையின் கடைக்கோடியில் சுவை அறை என்று ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு சுவர். சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள், ஒரு தட்டு நுழையும் அளவுக்கு. அந்தப் பக்கம் ஆளுக்கொரு அடைப்பு, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. தக்காளியின் நிறத்தைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாதென்றுதான் சிவப்பு விளக்கு. இந்தப் பக்கம் நாங்கள் நிற்கும் சமையலறை. கதவைத் தூக்கித் தட்டை உள்ளே தள்ளுவோம். தட்டில் எண் போட்ட கிண்ணங்களில் பூச்சு போட்ட இரண்டு வாரத் தக்காளியும் அன்று பறித்த தக்காளியும் துண்டு துண்டாக, வாய் கொப்பளிக்கத் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், ஒரு டிஷ்யூ. உள்ளே இருப்பவர் ஒவ்வொரு துண்டாகத் தின்றுவிட்டு, ஒரு தாளில் அச்சிட்ட கோட்டின் மேல் பென்சிலால் குறி போடுவார். இடது ஓரம் என்றால் இனிப்பே இல்லை, வலது ஓரம் என்றால் தித்திப்பு.

பேசக் கூடாது. சென்ட் போடக் கூடாது. இருமல் வந்தால்கூட மரியாதையாக இரும வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பரிமாறுவது யார் என்று தின்கிறவருக்குத் தெரியக் கூடாது, தின்கிறவர் யார் என்று பரிமாறுகிறவருக்கும் தெரியக் கூடாது. முழங்கை வரை வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வோம். குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. எந்த எண் யாருடையது என்பது பொறுப்பாளர் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும், தின்கிறவருக்கே தன் எண் தெரியாது. தாள்களை வாங்கி எண்களைக் கணினியில் ஏற்றுவதும் அவள்தான். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்கிவிட முடியாது. நான் சாக்லேட் கொடுத்துப் பார்த்தேன். சாக்லேட்டைத் தின்றுவிட்டு, "போய் வேலையப் பாரு" என்றாள்.

குழு என்றால் பெரிய நிபுணர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாக்கும் கொஞ்சம் நேரமும் உள்ள யாரையும் பிடித்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்துப் பழக்கினோம். நூலகர் அம்மா, வேன் டிரைவர், கணக்குப் பிரிவு மீசைக்காரர், மண்ணியல் துறையின் உயரமான ஆராய்ச்சியாளர், இப்படி. ஆரம்பத்தில் பன்னிரண்டு பேர். ஒருவர் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டார், இன்னொருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. மிச்சம் பத்துப் பேர். என் ஆய்வு வழிகாட்டியான மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்: "பத்துப் பேருக்குக் குறைஞ்சா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா, விருந்து."

அதனால் ஒரு நாக்குகூட உதிரக் கூடாது. உதிர்ந்தால் என் கதி அதோகதி. ஏனென்றால் சீசன் முடிந்ததும் பண்ணைக்காரர்கள் தக்காளித் தோட்டத்தை டிராக்டர் விட்டு உழுதுவிடுவார்கள். அடுத்த தக்காளி அடுத்த வருடம்தான். இன்னொரு வருடம் என்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அம்மாவுக்கு அதற்கு முன்பே பிடித்துவிடும்.

இந்த நிலைமையில்தான் பாதிச் சீசனில் சராசரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

சராசரி என்பது நாங்கள் வைத்த பெயர். துறைக்குப் புதிதாக வந்த புள்ளியியல்காரர். எங்கள் எல்லோருடைய எண்களையும் அலசிப் பிழை சொல்வது அவர் வேலை. "சராசரியாப் பாத்தா" என்று ஆரம்பிக்காமல் அவருக்கு ஒரு வாக்கியம்கூட வராது. அவருடைய அறையில் ஒரு கணினி, இரண்டு நாற்காலி, வாடாத ஒரு செடி. செடி பிளாஸ்டிக்.

"உங்க ஏழாம் நம்பர் சரியில்ல" என்றார், உட்காரக்கூடச் சொல்லாமல்.

"என்ன சார் சரியில்ல?"

"ஒரு நாள் எந்தத் தக்காளியக் குடுத்தாலும் இனிக்குதுங்கறான். மறுநாள் எதக் குடுத்தாலும் இல்லங்கறான். சராசரியாப் பாத்தா மத்தவங்க யாரும் இவ்வளவு தடுமாறல. நாக்கா இது? தூக்கிடுங்க."

"தூக்கினா ஒன்பது பேர்தான் சார் இருப்பாங்க!"

"இருக்கட்டும். இந்த மாதிரி ஒருத்தன் இருக்கறதுக்கு இல்லாமலே இருக்கலாம்."

"அவன் அவன்னு சொல்றீங்களே, அவளா இருந்தா?"

"யாரா இருந்தா என்ன? ஆள் சுத்தமா வேலைக்கு ஆகாது." அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது. "நானும் அதே குழுவுல உக்காந்துதான் திங்கறேன். என் நாக்கு தராசு மாதிரி. இப்படி ஒரு ஆளோட என்னையும் சேத்து வெச்சுக் கணக்குப் போடணுமேன்னு எனக்கே அசிங்கமா இருக்கு."

தராசாம். என் ஒரு வருடம் போகப் போகிறது, இவருக்குத் தன் நாக்கின் மானம் பெரிதாகப் போய்விட்டது. "சீசன் முடியட்டும் சார், அப்புறம் தூக்கறதப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் அச்சடித்து வைத்திருந்த தாளைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். அது தானாகவே சத்தம் போட்டது.

சமையலறையில் புயல் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். புயல் என் தோழி. ரொட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். அவள் நடந்தால் மேசையில் இருக்கும் காகிதம் பறக்கும். எனக்கு உதவியாக வாரத்தில் இரண்டு நாள் அவள் பரிமாறுவாள், இரண்டு நாள் நான். என்னை அவள் ஆமை என்றுதான் கூப்பிடுவாள். டிஷ்யூவை முக்கோணமாக மடித்து, அதன் முனை உள்ளே இருப்பவரைப் பார்க்கும்படி வைத்து, கிண்ணத்தின் எண்களையும் அவர் பக்கமாகத் திருப்பிவைத்தால்தான் எனக்குத் திருப்தி. யாரோ நமக்காக வந்து உட்கார்ந்து தின்கிறார்கள், கொஞ்சம் அழகாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? புயல் டிஷ்யூவைக் கசக்கித் தட்டில் எறிந்து, கதவைத் தூக்கி, ஒரே தள்ளு. நான் ஒரு தட்டு வைப்பதற்குள் அவள் மூன்று வைத்துவிடுவாள்.

தாளை வாங்கிப் பார்த்தவள் அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏய் ஆமை. இந்த ஏழு எந்தெந்த நாள்ல இனிக்குதுங்குது பாரு. செவ்வாய், வெள்ளி. செவ்வாய், வெள்ளி. மறுபடியும் செவ்வாய்."

"அதுக்கு?"

"செவ்வாயும் வெள்ளியும் யாருடி பரிமாறறது?"

நான்தான். நான் பரிமாறும் நாளில் ஏழாம் எண்ணுக்கு உலகமே இனிக்கிறது. புயல் பரிமாறும் திங்களும் வியாழனும் அதே தோட்டத்துத் தக்காளி, அதே குளிரறை, சப்பென்றாகிவிடுகிறது.

"போச்சு, எவனோ உன் கையில விழுந்துட்டான்!" என்று புயல் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்த முடியவில்லை. முழங்கை வரை கையுறை போட்ட ஒரு கை. அதன் முகம் தெரியாது, குரல் தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் வந்துபோகும். அதைப் பார்த்து ஒரு ஜீவனுக்குத் தக்காளி இனிக்கிறதென்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஆய்வு நாசமாகிக்கொண்டிருந்தது, நானோ அன்று மாலை படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். வெட்கமாக இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால், இல்லை, சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

அடுத்த சில நாட்கள் நான் நானாகவே இல்லை. மண்ணியல் உயரமானவர் வராந்தாவில் எதிரே வந்தால் என் கையிலிருப்பது கீழே விழும். ஒரு முறை விழுந்தது ஒரு கூடை தக்காளி. அவர் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார். இவர்தான் ஏழு என்று அன்று முடிவு செய்தேன். மறுநாள் வேன் டிரைவர் "என்னம்மா, சௌக்கியமா?" என்று கேட்டார். தினமும்தான் கேட்கிறார். ஆனால் அன்று அவர் குரலில் என்னவோ இருந்த மாதிரி தோன்ற, பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். பேரன் பேத்தி எடுத்தவர், பாவம். மீசைக்காரர் என்னைப் பார்த்து மீசையைத் தடவியபோது வந்த வழியே திரும்பி நடந்தேன்.

"சராசரியா இருந்தா?" என்றாள் புயல்.

"அந்த ஆளா! சக்கரையையே சந்தேகத்தோட பாக்கற ஆளு. போடி."

"ஆமா, அவர் என் பக்கம்ல சாயறாரு" என்றாள் அவள். "கான்டீன் வரிசையில எனக்கு இடம் விட்டாருடி. என் ரொட்டிக் கணக்கக் கேக்காமலே போட்டுக் குடுத்தாரு. அப்புறம் என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்க கை ரொம்ப நிதானமான கை.' எனக்கு! நிதானம்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் புயல் ஒரு யோசனை சொன்னாள். ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. நாங்கள் நாளை மாற்றிப் பார்த்தோம். அடுத்த வாரம் திங்களும் வியாழனும் நான், செவ்வாயும் வெள்ளியும் புயல். யாரிடமும் சொல்லவில்லை, யார் எப்போது பரிமாறினோம் என்று எங்களுக்குள் எழுதி மட்டும் வைத்துக்கொண்டோம். ஏழாம் எண்ணுக்குச் செவ்வாய்க்கிழமையின் மேல்தான் காதல் என்றால் இனிப்பு செவ்வாயோடேயே நிற்கும். என் மேல் என்றால் என் கூடவே திங்களுக்கு வந்துவிடும்.

அந்த வார எண்கள் வந்ததும் சராசரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பைத்தியம் முத்திடுச்சு. உங்க ஏழு இப்ப திங்களும் வியாழனும் இனிக்குதுங்கறான்."

"ஐயோ, அப்படியா!" என்றேன்.

"இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தா திரும்பும் வரை நல்ல பிள்ளையாக நடந்து, திரும்பியதும் குதித்தேன்.

மறுவாரம் பழையபடி அவரவர் நாளுக்குத் திரும்பினோம். அதுதான் சீசனின் கடைசி வாரம். கடைசி வெள்ளிக்கிழமை ஒன்பது தட்டுகள்தான் உள்ளே போயின. சராசரிக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தார்கள், புண்ணான வாயோடு யாரும் ருசிக்கக் கூடாது என்பது விதி. மாலையில் வராந்தாவில் அவரைப் பார்த்தேன். ஒரு கன்னம் உப்பியிருந்தது. வாயில் பஞ்சு. பேசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், சைகையால் சொன்னார். விடுவேனா? இத்தனை நாள் என் நாக்குகளைப் பற்றி அவர் பேசியதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். எங்கள் பழக்கத்திலேயே அன்றுதான் பொற்காலம்.

அடுத்த திங்கள் காலை பண்ணையில் டிராக்டர் சத்தம் கேட்டது. என் தோட்டத்தை உழுகிறார்கள். ஜன்னல் வழியே பார்த்ததும் துள்ளலெல்லாம் அடங்கிவிட்டது. இனி ஒரு தக்காளிகூடக் கிடையாது. கையில் இருக்கும் எண்கள் தேறினால் பட்டம், தேறாவிட்டால் அடுத்த வருடம். இரண்டு கப் டீ வாங்கிக்கொண்டு, அவர் சண்டை போட வசதியாக இருக்கட்டுமென்று, சராசரியின் அறைக்குப் போனேன். நாளை மாற்றிய கதையையும் சொல்லி, யார் எந்த நாள் பரிமாறினோம் என்ற விவரத்தையும் கொடுத்தேன். ஒன்றாம் கை புயல், இரண்டாம் கை நான் என்று அவரே தட்டச்சு செய்துகொண்டார்.

திரையைப் பார்த்தபடியே, "வேடிக்கையா இருக்கு" என்றார். "ஏழு மட்டும் இல்ல. உங்க நாள்ல எல்லாருமே இனிப்பக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்காங்க. ஒருத்தர் விடாம."

"எல்லாருமா?"

"பத்துப் பேரும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், பத்துப் பேரும் என்னைக் காதலிக்கிறார்கள் என்று நினைத்தேன். உயரமானவர், மீசை, டிரைவர், நூலகர் அம்மா எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்:

"குளிரறையிலிருந்து எடுத்து எவ்வளவு நேரங்கழிச்சுத் தட்ட உள்ள தள்ளுவீங்க?"

அதைக் குறித்து வைப்பது மேடத்தின் கட்டளை. எடுத்த நேரமும் கொடுத்த நேரமும் இருவரும் எழுதிவைத்திருந்தோம். அதுவரை யாரும் அதைச் சீண்டியதில்லை. புயலின் தக்காளி குளிரறையிலிருந்து நேராக வாய்க்கு. என் தக்காளி, நான் டிஷ்யூ மடித்து, எண்களைத் திருப்பிவைத்து முடிப்பதற்குள் சில்லிப்பு விட்டிருக்கும். சில்லென்று இருந்தால் நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. முதல் வருடப் பாடம். அதை இரண்டு ஆராய்ச்சி மாணவிகள், தக்காளியைப் பத்துக் கோணத்தில் அளந்தவர்கள், மறந்துபோனோம்.

அவர் நேரங்களைக் கணக்கில் சேர்த்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஒவ்வொருவரின் வித்தியாசமும் காணாமல் போயிற்று. உயரமானவர் போனார். மீசை போனார். நூலகர் அம்மா போனார். காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, வெறும் சில்லிப்பு. ஆய்வுக்கு இது நல்ல செய்திதான். எனக்குத்தான் இல்லை. இத்தனை நாள் யாருக்காகப் படியில் தாவினேனோ அந்த ஆளே இல்லையாம்.

"ஒரு நிமிஷம்" என்றார் சராசரி. "ஏழு போகல."

"என்னது?"

"சில்லிப்பக் கழிச்சாச்சு. மத்த எல்லாரும் சரியாயிட்டாங்க. இவனுக்கு மட்டும் உங்க நாள்ல இன்னும் மிச்சம் இருக்கு. நல்லாவே இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன். தூக்கிடுங்க இவன."

"தூக்க மாட்டேன்!" என்று மேசையைத் தட்டினேன். டீ தளும்பி அவர் கப்பைச் சுற்றிக் கொட்டியது. கோபமும் முட்டிக்கொண்டு வந்தது, கண்ணீரும் முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷமும் அதற்குள்ளேயே எங்கோ மறுபடி கிளம்பியிருந்தது. ஒரு டிஷ்யூவால் மேசையைத் துடைத்தேன். இன்னொன்றைக் கை தன் பாட்டுக்கு மடித்து, முனை அவரைப் பார்க்கும்படி வைத்து, அதன்மேல் கப்பை வைத்தது. கப்பின் பிடியையும் அவர் பக்கமாகத் திருப்பிவிட்டது.

அவர் டீயைத் தொடவில்லை. டிஷ்யூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது..." என்றார். "முக்கோணமா மடிச்சு வைக்கறது நீங்களா? அந்த இன்னொருத்தங்க இல்லையா?"

"புயலா? அவ கசக்கி எறியறவளாச்சே."

"எப்பவுமே நீங்கதானா?"

"எப்பவுமே நான்தான். ஏன், அதுவும் தப்பா?"

மெதுவாகத் திரைப்பக்கம் திரும்பினார். ஏழாம் எண்ணின் வரிசையைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே போனார். கடைசி வாரம், கடைசி நாள். ஒன்பது பேருக்கு எண்கள் இருந்தன. ஏழுக்கு மட்டும் கட்டம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை.

அவர் கை தானாகவே எழுந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. பல் பிடுங்கிய கன்னம்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். காலிக் கட்டத்தைப் பார்த்தேன். மறுபடியும் கையைப் பார்த்தேன். எனக்குக் காது சூடானது. அவருக்கு ஏற்கெனவே சிவந்திருந்தது.

"தராசு" என்றேன்.

"சும்மா இருங்க" என்றார்.

"கெட்ட நாக்கு. சுத்தமா வேலைக்கு ஆகாது."

"சும்மா இருங்கன்னு சொல்றேன்ல." ஆனால் அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது, மறுபக்கம் இன்னும் வலித்ததால். "சத்தியமா எனக்கு இனிச்சுதுங்க. நான் பொய்யாக் குறி போடல. அந்த மடிச்ச டிஷ்யூ இருக்கற நாள்ல உள்ள போய் உக்காந்தாலே... யாரோ நமக்காகப் பொறுமையா எடுத்து வெச்சிருக்காங்கன்னு தோணும். அது அவங்கன்னு நெனச்சு அவங்களோட ரொட்டிக் கணக்கெல்லாம் போட்டுக் குடுத்துட்டேன். நீங்க இங்க வந்து கத்தற கத்துக்கு, நீங்களா இருக்கும்னு கனவுலகூட நெனக்கல."

"நானும்தான் நெனக்கல. உயரமான ஆளுன்னு நெனச்சேன்."

"அவனுக்குப் புளிப்புக்கும் உப்புக்குமே வித்தியாசம் தெரியாது" என்றார், ரொம்ப வேகமாக.

வெளியே டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. "சார், என் ஆய்வு! ஏழத் தூக்கினா ஒன்பதுதான்!"

"இருங்க, இருங்க." அவர் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை, புயலே தோற்றாள். பூச்சு போட்ட தக்காளியைத் தனியாக எடுத்தார், போடாத புதுத் தக்காளியைத் தனியாக எடுத்தார், ஏழு எதற்கு எவ்வளவு கூட்டிப் போட்டிருக்கிறது என்று பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார்.

"தூக்க வேணாம். பூச்சு போட்டதுக்கும் போடாததுக்கும் ஒரே அளவுதான் கூட்டிப் போட்டிருக்கான். தக்காளிக்கு அவன் ஓரவஞ்சனை பண்ணவே இல்ல."

"பின்ன யாருக்குப் பண்ணினான்?"

அவர் செடியைப் பார்த்தார். பிளாஸ்டிக் செடியில் பார்க்க என்ன இருக்கிறது?

"பரிமாறறவங்களையும் கணக்குல ஒரு காரணமாச் சேத்துட்டா போதும். பத்து நாக்கும் நிக்கும். முடிவும் நிக்கும். சராசரியாப் பாத்தா..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க ரெண்டு வாரத் தக்காளிக்கும் அன்னைக்குப் பறிச்சதுக்கும் ருசியில வித்தியாசமே தெரியல. யாருக்குமே தெரியல. ஜெயிச்சிட்டீங்க."

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து நின்றேன். அவருடைய டீயை எடுத்து நானே குடித்துவிட்டேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருந்தது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "தக்காளியோட விதையிலேர்ந்து காம்பு வரைக்கும் அளந்தீங்க, டிஷ்யூவ அளக்கணும்னு தோணலையா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி பரிமாறணும்னு சொல்லவா வேணும்? மறைக்காம அப்படியே ஆய்வேட்டுல எழுதும்மா. சில்லிப்பு, பரிமாறின கை, ஏழாம் நபர், எல்லாம்." புயலுக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. "அப்ப என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவ நிதானம்னு பேர் வாங்கினதும் உனக்கு வந்ததுதானா?" என்று ரொட்டியால் அடித்தாள். பொறுப்பாளர் அக்கா கையை நீட்டினாள். இன்னொரு சாக்லேட் கேட்டாள்.

எழுதினேன். ஏழாம் நபருக்கு இரண்டாம் கையில் இனிப்பு கூடுதலாகத் தெரிந்தது என்று ஒரு வரி. காரணம் எழுதவில்லை. எப்படி எழுதுவது?

வைவா, அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, அன்று அரங்கம் நிறைந்திருந்தது. அம்மா முதல் வரிசையில், என் தக்காளி அவளை என்ன செய்துவிடப் போகிறது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். சராசரி மூன்றாவது வரிசை. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னை ஒரு மணி நேரம் உரித்தார். பூச்சின் தடிமனைக் கேட்டார், சோள மாவைக் கேட்டார், குளிரறையைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் சொன்னேன். முடித்துவிட்டார் என்று மூச்சு விடும்போது ஆய்வேட்டை மறுபடி திறந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம். இந்த ஏழாம் நபர். வெப்பநிலையைக் கழிச்ச பிறகும் உங்க கையால குடுத்தா மட்டும் அவருக்கு இனிக்குது. காரணம் எழுதாம விட்டிருக்கீங்க. தெரியாதா?"

பின்னால் புயல் இருமினாள். மேடம் கூரையைப் பார்த்தார்.

"தெரியும் சார்" என்றேன். "ஆனா... அத அவர்தான் சொல்லணும்."

மூன்றாவது வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் எழுந்து நின்றார். அத்தனை தலைகளும் திரும்பின.

"நான்தான் சார் அந்த ஏழு."

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நீங்க புள்ளியியல்காரர் இல்ல? நீங்களே சொல்லுங்க. ஏன் இனிச்சுது?"

"சராசரியாப் பாத்தா..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார். அரங்கமே காத்திருந்தது. எதற்கும் ஒரு எண் வைத்திருக்கும் மனிதர், கையில் எதுவும் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"தெரியல சார்" என்றார். "இப்பவும் இனிக்குது."

அரங்கம் அதிர்ந்தது. புயல் விசில் அடித்தாள். எனக்கு மேடையிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியிலேயே முழுசாகத் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இதத்தானாடி இத்தன வருஷமாப் படிச்ச?" என்று கேட்டாள், தேர்வாளர் காதிலும் விழும்படி.